பிரிக்ஃபீல்ட்ஸ் சரித்திர வகுப்பு: 180 வெள்ளி கொடுத்துப் போகலாமா?

மத்திய கால ஐரோப்பா பற்றித் தமிழில் ஐந்து சனிக்கிழமை வகுப்பு, ஆளுக்கு 180 வெள்ளி என்று ஒரு போஸ்டர் வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது இல்லையா, அதற்குப் போகலாமா என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள், அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். போகலாம். ஆனால் எஸ்பிஎம் பரீட்சை எழுதும் பிள்ளைக்கு மார்க் ஏறும் என்று அனுப்பாதீர்கள். இரும்புக் கவசம், குதிரை, கோட்டை என்று கதை கேட்கலாம் என்றும் போகாதீர்கள். யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள், என்ன கணக்கில் கொடுத்தார்கள், கொடுக்காமல் மறைத்தவன் கதி என்ன ஆனது, இதெல்லாம் தெரிந்துகொள்ளப் பிடிக்கும் ஆளாக இருந்தால் காசு வீண் போகாது.

பெயர் போட வேண்டாம் என்று நடத்துகிறவர் சொல்லிவிட்டார். ஓய்வு பெற்ற இடைநிலைப்பள்ளி ஆசிரியர், நாங்கள் எல்லோரும் சார் என்றுதான் கூப்பிட்டோம். வகுப்பு நடப்பது ஒரு டியூஷன் சென்டரின் இரண்டாவது மாடியில், லிஃப்ட் கிடையாது, படி செங்குத்து, முட்டி வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை அந்தப் பக்கம் பார்க்கிங் தேடுவது வேண்டாத வேலை, கே.எல். சென்ட்ரலில் இறங்கி நடந்துவிடலாம். ஏர்கோன் ஒன்று குளிரும் இல்லையென்றால் சொட்டும். நடுவில் அரை மணி நேர இடைவேளை, டீ எதுவும் தர மாட்டார்கள், கீழே அஞ்சடியில் ஒரு கடை இருக்கிறது, வடை சுமார், தே தாரேக் நன்றாக இருக்கும்.

வந்தவர்களில் பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள், சிலாங்கூர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த ஒருவர், இரண்டு மூன்று காலேஜ் பிள்ளைகள், தாய் வற்புறுத்தி அனுப்பிய ஒரு நான்காம் படிவப் பையன் (பாவம்), அப்புறம் ஞாயிறு பூசைக்குத் தவறாத ஒரு கத்தோலிக்க ஆன்ட்டி. இந்த ஆன்ட்டி இல்லாவிட்டால் வகுப்பில் பாதி சுவாரசியம் போயிருக்கும்.

முதல் வகுப்பு பயந்த மாதிரியே ஆரம்பித்தது. போர்டில் முக்கோணம், உச்சியில் ராஜா, அதன் கீழ் பிரபுக்கள், அதன் கீழ் குதிரை வீரர்கள், அடியில் குடியானவர்கள். பள்ளிப் பாடத்தில் பார்த்த அதே படம். இதற்கா 180 வெள்ளி என்று பக்கத்தில் இருந்தவர் முணுமுணுத்தார். சார் படத்தை முடித்துவிட்டு, அந்தக் காலத்தில் வாழ்ந்த ஒருவன் இதைப் பார்த்தால் அவனுக்கு ஒன்றும் புரியாது என்றார். எலிசபெத் பிரௌன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1974-லேயே இந்த ஒழுங்கான அமைப்பெல்லாம் பிற்காலத்தார் கட்டிக்கொண்டது என்று ஒரு கட்டுரையில் போட்டு உடைத்துவிட்டார், 1994-ல் சூசன் ரெனால்ட்ஸ் என்ற ஆங்கிலேய அம்மையார் இன்னும் விரிவாக, மானியம், அதாவது சேவைக்குப் பதிலாகக் கொடுத்த நிலம், அது பற்றிய சட்ட விதிகளில் பெரும்பகுதி 12-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு வந்த வக்கீல்களின் கைவேலை என்று வாதாடினார், இப்போது படித்தவர்கள் நடுவில் இந்த முக்கோணத்துக்குப் பழைய மரியாதை இல்லை. இதைச் சொல்லிவிட்டு முழுதாக அழிக்காமல் டஸ்டரால் ஒரு இழுப்பு இழுத்து மங்கலாக்கிவிட்டார். அந்த மங்கல் படம் வகுப்பு முடியும் வரை போர்டில் அப்படியே இருந்தது. எனக்குப் பிடித்தது.

ராஜாவை விட ஊர்ப் பிரபுக்கள் கை ஓங்கிய நிலைமை எப்படி வந்தது என்பதை வேகமாகவும் தெளிவாகவும் சொன்னார். பிராங்க் பேரரசர் சார்லமேன் கட்டிய பேரரசு பேரன்கள் கையில் 843-ல் வெர்டன் ஒப்பந்தத்தில் மூன்றாகப் பிரிந்தது, வடக்கிலிருந்து வைக்கிங் கடற்கொள்ளையர், கிழக்கிலிருந்து மாகியார் குதிரைப்படை என்று அடி மேல் அடி, ராஜாவின் படை வந்து சேர்வதற்குள் ஊர் எரிந்துவிடும், ஆகவே பக்கத்தில் குதிரையும் கோட்டையும் வைத்திருந்தவனே ராஜா. 877-ல் இத்தாலிக்குப் புறப்பட்ட சார்லஸ் என்ற அரசர் கியர்சியில் ஓர் ஆணை போட்டார், தான் இல்லாத நேரத்தில் ஒரு கோமகன் செத்தால் அவன் மகன் கையிலேயே பதவி இருக்கட்டும் என்பது மாதிரி. தற்காலிக ஏற்பாடுதான், ஆனால் கொடுத்ததைத் திரும்ப வாங்குவது எந்தக் காலத்தில் நடந்திருக்கிறது.

காலேஜ் பையன் ஒருவனை முட்டி போட வைத்து, இரண்டு கையையும் கூப்பச் சொல்லி, அந்தக் கூப்பிய கையைத் தன் இரண்டு கைக்குள் பொத்திக்கொண்டு, இதுதான் ஒருவன் இன்னொருவனுக்கு ஆட்படும் சடங்கு என்று காட்டினார். அப்புறம் வேதப் புத்தகத்தின் மேலோ புனிதர்களின் எலும்பின் மேலோ சத்தியம். பதிலுக்கு நிலம், அந்த நிலத்துக்காக வருஷத்துக்கு இத்தனை நாள் போர்ச் சேவை, 40 நாள் என்பது பல இடங்களில் வழக்கம். பையன் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டே, ரெண்டு பேர்கிட்ட நிலம் வாங்கியிருந்து அவங்க ரெண்டு பேருக்கும் சண்டை வந்தா சார், என்று கேட்டானே பார்க்கலாம். அதுதான் அந்தக் காலம் முழுக்க இருந்த தலைவலி. இங்கிலாந்து ராஜாவே தன் பிரெஞ்சு நிலங்களுக்காகப் பிரெஞ்சு ராஜாவுக்கு ஆட்பட்டவர். தன் நாட்டில் அரசர், கடல் தாண்டினால் இன்னொருவரின் ஆள்.

இரண்டாவது வகுப்புதான் இந்த முழுப் பாடத்தின் உயிர். ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார், ஒரு இங்கிலாந்துக் குடியானவக் குடும்பத்தின் ஒரு வருஷக் கணக்கு, வலது பக்கம் காலியாக விட்டு நாமே நிரப்ப வேண்டும். ஒரு குறிப்பிட்ட குடும்பம் இல்லை, பல பண்ணைகளின் வழக்கத்தைச் சேர்த்துச் செய்த மாதிரிக் கணக்கு என்று முதலிலேயே சொல்லிவிட்டார். சுமார் 30 ஏக்கர் நிலம், பார்க்க நிறைய என்று தோன்றும். விதைத்தது போல மூன்று நான்கு மடங்குதான் விளையும், அதிலும் ஒரு பங்கு நிலம் ஒவ்வொரு வருஷமும் தரிசாகக் கிடக்கும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் பிரபுவின் சொந்த நிலத்தில் கூலி இல்லாத வேலை. அறுவடை நேரத்தில், தன் கதிர் மழையில் நனைந்தாலும், கூடுதல் நாட்கள். மகளுக்குக் கல்யாணம் செய்தால் பிரபுவுக்குப் பணம். குடும்பத் தலைவன் செத்தால் வீட்டில் இருப்பதில் நல்ல மாடு பிரபுவுக்கு, அடுத்த நல்ல மாடு பங்குச் சாமியாருக்கு. ஒரே மாடு வைத்திருந்த வீட்டின் கதையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அதற்கு மேல் தசமபாகம். விளைச்சலில் பத்தில் ஒன்று திருச்சபைக்கு. 779-ல் சார்லமேன் காலத்திலேயே இதைக் கட்டாயம் ஆக்கிவிட்டார்கள். தானியம் மட்டும் இல்லை, கம்பளி, ஆட்டுக்குட்டி, முட்டை வரைக்கும். எல்லோரும் பத்து சதவீதம் என்று தாளில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போக, அந்தக் கிராணி ஐயா மட்டும் பேனாவை வைத்துவிட்டு, இது பத்து இல்லையே சார் என்றார். வயலில் கட்டு கட்டி வைத்ததும் பத்தாவது கட்டை எடுத்துவிடுகிறார்கள், விதைக்கு எடுத்து வைப்பதற்கு முன்னால். நூறு கட்டில் 25 கட்டு அடுத்த வருஷ விதை. குடும்பத்துக்கு நிற்பது 75. அதிலிருந்து 10 போகிறது. அப்படியானால் ஏழரையில் ஒன்று. சார் சிரித்துக்கொண்டே சாக்பீஸை அவர் கையில் கொடுத்துவிட்டார். செக்ரோல் (தோட்டத்து ஆள் வருகைப் பதிவு) எழுதிய கைக்கு அது தெரியாமல் போகுமா.

இந்த இடத்தில் ஒரு சின்னப் புகார். கிராணி ஐயாவும் அவர் வயதுக்காரர்களும் வந்ததில் இருந்தே, இது அப்படியே நம் தோட்டம்தான், துரை பிரபு, கிராணி பண்ணைக் காரியஸ்தன், பெரட்டு எடுப்பது (காலையில் ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்புவது) வாரவேலை, கோயிலுக்குச் சம்பளத்தில் பிடித்தம் தசமபாகம் என்று ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டு வந்தார்கள், சாரும் அதை ரசித்து வளரவிட்டார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முக்கியமான இடத்தில் பொருந்தவில்லை. அங்கே குடியானவன் பிரபுவைக் கேட்காமல் ஊரை விட்டுப் போக முடியாது, அதே சமயம் ஒழுங்காக வேலை செய்து கொடுக்க வேண்டியதைக் கொடுத்தால் பண்ணை வழக்கம் அவனை அந்த நிலத்திலேயே வைத்திருக்கும், அவனுக்குப் பிறகு மகன். நம் ஆட்களுக்கு நேர்மாறு. கூலிக்காரர்கள், வேலை போனால் வீடும் போச்சு. தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றபோது மூன்று தலைமுறை பால் வெட்டியவர்கள் கையில் என்ன இருந்தது? பிரபு பண்ணையை விற்றால் குடியானவனும் நிலத்தோடு சேர்ந்து புது எஜமானிடம் போவான், அதுவும் கொடுமைதான், ஆனால் வேறு கொடுமை. இந்த வித்தியாசத்தைச் சார் அரை நிமிஷம் சொல்லியிருக்கலாம். இடைவேளையில் நான் சொன்னேன், தலையாட்டினார், அடுத்த வகுப்பிலும் துரை கதையே ஓடியது.

இனி மாவு. மாவரைக்கும் ஆலைக்கு இவர் ஒதுக்கிய நேரத்தைப் பார்த்து முதலில் ஆளுக்கு என்ன ஆச்சு என்று நினைத்தேன், முடிவில் புரிந்தது. தானியத்தைப் பிரபுவின் ஆலையில்தான் அரைக்க வேண்டும், அரைத்த கூலிக்கு ஒரு பங்கு அங்கேயே போகும், ஆற்றுத் தண்ணீரில் ஓடும் ஆலை, அதைக் கட்டக் காசு வேண்டும், கட்டியவன் விட மாட்டான். இங்கிலாந்தில் பரி செயிண்ட் எட்மண்ட்ஸ் என்ற மடத்தில் சாம்சன் என்று ஒரு மடாதிபதி. 12-ஆம் நூற்றாண்டின் கடைசியில், காற்றாலை அங்கே புதுசாக வந்த சமயம், ஹெர்பர்ட் என்ற வயதான பாதிரியார் தன் நிலத்தில் ஒன்று கட்டிவிட்டார். சாம்சனுக்கு வந்த கோபத்தில் அதைப் பிரித்துப் போடும் வரை சாப்பிட மாட்டேன் என்று சத்தியமே செய்துவிட்டார். ஹெர்பர்ட் ஓடி வந்து, காற்று எல்லோருக்கும் பொது, என் சொந்தத் தானியத்தை அரைக்கத்தானே கட்டினேன் என்று கெஞ்சினார். மடாதிபதி விடவில்லை, ஊரார் எல்லாம் உன் ஆலைக்கு ஓடி வருவார்கள், அவர்கள் சுதந்திரமானவர்கள், நான் சட்டப்படி தடுக்கவும் முடியாது என்று உண்மையையே சொல்லிவிட்டார். கடைசியில் மடத்து ஆட்கள் வருவதற்குள் ஹெர்பர்டே ஆலையைப் பிரித்துவிட்டார். ஒரு சாமியார் இன்னொரு சாமியாருக்குச் செய்தது இது. அந்த மடத்தில் இருந்த துறவி ஒருவரே எழுதி வைத்துவிட்டுப் போனதால் நமக்குத் தெரிகிறது.

செயிண்ட் ஆல்பன்ஸ் மடத்துக் கதை அதைவிட மேல். அங்கே ஊர்க்காரர்கள் வீட்டிலேயே திருகைக்கல் வைத்து அரைத்துக்கொண்டார்கள். ரிச்சர்ட் ஆஃப் வாலிங்ஃபோர்ட் என்ற மடாதிபதி, 1331-ல், வீட்டில் இருந்த கல்லை எல்லாம் பறிமுதல் செய்து மடத்தின் ஓர் அறைக்குத் தரையாகப் பாவிவிட்டார். வருகிறவன் போகிறவன் எல்லாம் மிதிக்கட்டும் என்று. இந்த ரிச்சர்ட் கொல்லன் மகன், கணித மேதை, சந்திரனின் ஓட்டத்தைக் காட்டும் கடிகாரம் செய்தவர், தொழுநோய் என்று சொல்லப்பட்ட ஒரு வியாதியோடு வாழ்ந்தவர். நல்லவர் கெட்டவர் என்று ஒரு பக்கம் தள்ள முடியாது. அதைச் சாரும் தள்ளவில்லை.

ஆன்ட்டி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு எத்தனை நேரம் சும்மா இருப்பார். மூன்றாவது வகுப்பில் எழுந்து, சார், நீங்க சொல்றத பார்த்தா கோயில்னாலே வசூல்தானா, என்றார். வகுப்பு கப்சிப். சார் தற்காப்பாகவும் பேசவில்லை, மழுப்பவும் இல்லை. தசமபாகத்தை ஆயர், சாமியார், கோயில் பராமரிப்பு, ஏழைகள் என்று நான்காகப் பிரிப்பது பழைய விதி என்றார். பல பங்குகளில் மடங்கள் பெரிய தானிய வரவைத் தாங்களே எடுத்துக்கொண்டு, கோழி முட்டை மாதிரிச் சில்லறையைக் குறைந்த சம்பளத்துத் துணைச் சாமியாருக்கு விட்டதையும் சொன்னார். அடுத்து, நாடே பிரபுக்களின் அடிதடியில் கிடந்தபோது 989-ல் ஷாரூ என்ற ஊரில் ஆயர்கள் கூடி, குடியானவன் மாட்டைத் திருடுகிறவனுக்கும் கோயிலை உடைக்கிறவனுக்கும் சாபம் போட்டதைச் சொன்னார். படை இல்லாதவர்கள் கையில் இருந்த ஒரே ஆயுதம் அது. 

அதைவிட எனக்கு ஒட்டிக்கொண்டது கல்யாண விஷயம். 1150-களில் போப்பாண்டவராக இருந்த நான்காம் ஏட்ரியன், பண்ணையடிமைகள் எஜமான் சம்மதம் இல்லாமல் கல்யாணம் செய்தாலும் அது செல்லும், பிரிக்கக் கூடாது என்று தீர்ப்பு எழுதினார். எவ்வளவு பெரிய விஷயம். ஆனால் எஜமானுக்குச் செய்ய வேண்டிய சேவையும் பாக்கியும் அப்படியே தொடரும் என்று அதே தீர்ப்பில் சேர்த்தும்விட்டார். இங்கிலாந்தில் மடத்துப் பண்ணைகளே மகள் கல்யாணத்துக்குக் காசு வாங்கிக்கொண்டிருந்தன. ஆன்ட்டி நோட்டில் எழுதிக்கொண்டு, எங்க ஃபாதர்கிட்ட கேக்கணும் என்றார்.

நான்காவது வகுப்புக்குத்தான் நான் மார்க் குறைப்பேன். ஆயர் பதவியின் அடையாளமான மோதிரத்தையும் கோலையும் யார் கொடுப்பது என்று போப்பாண்டவருக்கும் ராஜாக்களுக்கும் நடந்த இழுபறி, நான் ஆவலாக எதிர்பார்த்தது, ஓட்டமாக ஓடிவிட்டது. 1077 ஜனவரி, ஜெர்மன் அரசர் நான்காம் ஹென்றி கனோஸா கோட்டை வாசலில் பனியில் மூன்று நாள் காத்துக்கிடந்து போப்பாண்டவர் ஏழாம் கிரகோரியிடம் மன்னிப்புக் கேட்டது ஒரு ஸ்லைடு, 1122 வோர்ம்ஸ் ஒப்பந்தம் ஒரு ஸ்லைடு, அவ்வளவுதான். நான்காம் படிவப் பையன் என்னிடம் திரும்பி, மோதிரமும் கோலும் யார் கொடுத்தா என்ன அங்கிள், என்றான். நியாயமான கேள்வி, பதிலை நானே சொல்ல வேண்டியிருந்தது. ஆயர் என்பவர் பூசை செய்கிறவர் மட்டும் இல்லை, ராஜாவிடம் இருந்து பெருநிலம் வாங்கியவர், போருக்குக் குதிரை வீரர்களை அனுப்பக் கடமைப்பட்டவர். அந்த நாற்காலியில் யார் உட்கார்வது என்பதை ரோம் முடிவு செய்தால் ராஜாவின் படையில் பாதி ரோம் கையில். ராஜா முடிவு செய்தால் ஆன்மாவைக் காக்கிற வேலை ராஜாவின் மச்சானுக்குப் போகும். வோர்ம்ஸில் இரண்டாகப் பிரித்தார்கள், மோதிரமும் கோலும் திருச்சபை தரும், நிலத்துக்கான செங்கோலை அரசர் தருவார். இதைப் போர்டில் இரண்டு கோடு போட்டுச் சொன்னால் முடிந்தது.

ஜான் ராஜா கதையை மட்டும் நன்றாகச் சொன்னார். கேன்டர்பரி பேராயர் நியமனத்தில் போப்பாண்டவர் மூன்றாம் இன்னசென்ட்டோடு மோதியதில் 1208 முதல் 1214 வரை இங்கிலாந்து முழுக்கப் பூசைத் தடை. குழந்தைக்கு ஞானஸ்நானமும் சாகிறவருக்குப் பாவசங்கீர்த்தனமும் உண்டு, கோயிலில் பொதுப் பூசை கிடையாது, செத்தவரை மந்திரித்த மண்ணில் புதைக்க முடியாது. 1213-ல் ஜான் இறங்கி வந்து நாட்டையே போப்பாண்டவருக்கு எழுதிக்கொடுத்து, வருஷம் 1000 மார்க் (அந்தக் காலத்துப் பணக் கணக்கு) கட்டுவதாகச் சொல்லி மானியமாகத் திரும்ப வாங்கிக்கொண்டார். முதல் வகுப்பில் காலேஜ் பையன் முட்டி போட்ட சடங்கில் இப்போது ஒரு ராஜா. தோற்றது போலத் தெரியும், உண்மையில் அந்த நிமிஷத்தில் இருந்து போப்பாண்டவர் அவர் கட்சி, இரண்டு வருஷம் கழித்து, பிரபுக்கள் ஜானின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மாக்னா கார்ட்டா சாசனம் செல்லாது என்று அறிவித்ததும் அதே இன்னசென்ட்தான்.

ஐந்தாவது வகுப்பு கொள்ளைநோயும் கலகமும். 1347-ல் வந்த நோய் நாலைந்து வருஷத்தில் ஐரோப்பாவில் மூன்றில் ஒருவரையாவது கொண்டுபோனது, வேலைக்கு ஆள் இல்லை, இருந்தவர்கள் கூடுதல் கூலி கேட்டார்கள், 1351-ல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் நோய்க்கு முந்தைய கூலிதான் தர வேண்டும் என்று சட்டம் போட்டது. 1381-ல் குடியானவர் கலகம் வெடித்தது. செயிண்ட் ஆல்பன்ஸ் ஊர்க்காரர்கள் மடத்துக்குள் புகுந்து, ஐம்பது வருஷமாக மிதிபட்டுக்கிடந்த அந்தத் திருகைக்கற்களைத் தரையில் இருந்து பெயர்த்து, உடைத்து, ஆளுக்கொரு துண்டாக எடுத்துப்போனார்கள், கோயிலில் மந்திரித்த ரொட்டியைப் பங்கிட்டுக்கொள்வது போல என்று மடத்து வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். கலகம் அடங்கியது, கலகக்காரர்களைத் தூண்டிய பிரசங்கி ஜான் பாலை அதே ஊரில் ஜூலை 15-ஆம் தேதி தூக்கில் போட்டார்கள். ஆலைக்கு ஏன் அவ்வளவு நேரம் என்பது இங்கே வந்துதான் பிடிபட்டது. மனிதர் எல்லாவற்றையும் திட்டம் போட்டுத்தான் செய்திருக்கிறார்.

குறைகள் என்று பார்த்தால், நோட்ஸ் முழுக்க ஆங்கிலம், அதுவும் போட்டோகாப்பியின் போட்டோகாப்பி, வரைபடத்தில் பிரான்ஸ் எது கடல் எது என்று தெரியாது. தமிழில் இவ்வளவு அழகாகப் பேசுகிறவர் நான்கு பக்கம் தமிழில் டைப் செய்ய மாட்டாரா. ஒவ்வொரு தடவையும் ஆரம்பிக்கத் தாமதம். பெண்கள் பற்றி, கன்னியர் மடங்கள் பற்றிக் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை, கேட்டால் அடுத்த முறை என்கிறார். எல்லாம் இங்கிலாந்துக் கதையாகவே இருப்பதும் ஒரு குறை, ஆவணம் அங்கேதான் நிறைய என்பது அவர் பதில், பாதி சரி.

அடுத்த பேட்ச் தீபாவளி கழித்து என்று பேச்சு. கல்லூரி மாணவர்களுக்கு 120 வெள்ளிதானாம், கேட்டால்தான் சொல்வார்கள், கேளுங்கள். நடுவில் ஒரு வாரம் விட்டுப்போனால் பணம் திரும்ப வராது, ஆனால் அடுத்த பேட்சில் அந்த ஒரு வகுப்பில் உட்காரலாம். முன் வரிசையில் இடது பக்கம் உட்காராதீர்கள், ஏர்கோன் தண்ணீர் நேராக நோட்டில் விழும்.